மலையைச் சுற்றும் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பார் சார்ட் அலுத்துவிட்டது, திருவண்ணாமலைத் தரவுக்கு இந்த ஊர் வடிவமே வேண்டும் என்கிறாய். அலுப்பு நல்ல தொடக்கம்தான். ஆனால் அது முதலில் கைநீட்டுவது ராஜகோபுரத்தை நோக்கி. பதினோரு நிலை, 217 அடி. நிலைக்கு ஓர் எண்ணை எழுதிவிட்டால் ஊர் முத்திரை விழுந்த படம் தயார் என்று தோன்றும். கோபுரமோ மேலே போகப் போகக் குறுகுவது. எண்கள் எப்படி இருந்தாலும் கீழ்நிலையில் நிற்பது பெரிதாகவும் உச்சியில் நிற்பது சிறிதாகவுமே கண்ணில் படும். ஸ்தபதி வகுத்த அளவு உன் தரவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தீபமும் அப்படித்தான். இரண்டு மடங்கைக் காட்ட அகல்விளக்கை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் கூடவே வளர்ந்து பரப்பு நான்கு மடங்காகிவிடும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத்தின் குழு இதற்குக் கண்ட வழி எளிது: உருவத்தைப் பெரிதாக்காமல், ஒரே அளவு உருவத்தைத் திரும்பத் திரும்ப வைப்பது. வரிசையாக ஏற்றிய அகல்களை எண்ணிவிடலாம். ஒற்றைப் பேரகலை என்ன செய்வது?

வடிவம் ஊரிலிருந்து வந்தால் மட்டும் போதாது. எண்களுக்குள் இருக்கும் உறவிலிருந்து அது வர வேண்டும். மலையைச் சுற்றி நடக்கும் கிரிவலத்தையே எடுத்துக்கொள். பௌர்ணமி இரவில் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களின் அருகிலும் மணிக்கொரு முறை கூட்டத்தை எண்ணிய கணக்கு உன் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார் சார்ட்டில் இந்திர லிங்கம் இடது ஓரத்துக்கும் ஈசான்ய லிங்கம் வலது ஓரத்துக்கும் போய்விடும். நடப்பவருக்கு அவை அடுத்தடுத்த நிறுத்தங்கள். 14 கிலோமீட்டர் பாதைக்கு ஓரம் என்பதே கிடையாது. இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. ஆகவே இங்கே வளையத்தை அலங்காரம் என்று சொல்ல முடியாது. பார் சார்ட் அறுத்துப்போட்டதை அது ஒட்டவைக்கிறது. கோபுரத்துக்கு இல்லாத நியாயம் வளையத்துக்கு இதனால்தான் வருகிறது.

பழகாத படம் சாதாரண வாசகருக்குப் புரியாது என்று பத்திரிகையிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். வில்லியம் பிளேஃபேர் 1786இல் அச்சிட்டபோது பார் சார்ட்டும் பழகாத படம்தான். அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு ஜாதகக் கட்டத்தைப் பார். பன்னிரண்டு ராசிகளின் வட்டத்தைச் சதுரமாக மடித்து நோட்டுப் புத்தகத்தில் அடக்கியிருக்கிறோம். மேல்வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம்; அங்கிருந்து வலமாகச் சுற்றிவர வேண்டும். பெயர் எழுதாத கட்டத்திலும் எது சிம்மம், எது துலாம் என்று விரல் வைத்துக் காட்டுபவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வடக்கே வழங்கும் கட்டத்தில் வீடுகள் அசையாமல் நிற்க, ராசிகள் இடம் மாறும். நம் கட்டத்தில் ராசிகளுக்கு இடம் நிலை. ஜோசியத்தை நம்புகிறோமா என்பது வேறு பேச்சு. விளக்கப்படம் என்ற அளவில் அதன் பலம், இடத்தை ஒருமுறை கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் போதும் என்பதில் இருக்கிறது. கிரிவலம் வருபவர் எட்டுத் திசையையும் காலாலேயே கற்றிருக்கிறார். அவருக்கு உன் வளையம் புதிதல்ல. இந்த ஊரையே பார்த்திராத ஒருவருக்கு அதே வளையம் வெறும் வட்டம். அவருக்குப் படம் போடும்போது வேறு வழி தேடு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984இல் சோதனை நடத்திக் காட்டினார்கள்: ஒரே அளவுகோலின் மேல் நிற்கும் இடங்களைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது, கோணத்திலும் பரப்பிலும் தடுமாறுகிறது. இதற்கு மறுப்பு கிடையாது. கிரிமியப் போரில் செத்தவர்களை மாதவாரியாக வட்டத்தில் வரைந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் இந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. ஆரத்தை எண்ணுக்கு ஈடாக வைத்தால் பெரிய எண் இன்னும் பெரிதாக ஊதிவிடும். 1858இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற படத்தில் பரப்பே எண்ணுக்கு ஈடு. ஆகவே கேள்வி என்ன என்று முதலில் பார். ‘எமலிங்கத்தைவிட வாயுலிங்கத்தில் எவ்வளவு அதிகம்?’ என்று காவல்துறை கேட்டால் மறுபேச்சில்லாமல் பார் சார்ட்டைக் கொடு. அலுப்பு உனக்குத்தான், அவர்களுக்கு இல்லை. ‘நெரிசல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்கிறது?’ என்பது கேள்வியானால் வளையத்துக்கு வா.

வரும்போது ஒரு சங்கடம் காத்திருக்கும். இடமும் சுற்றுகிறது, கடிகாரமும் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே வட்டத்தில் திணித்தால் சிக்குக் கோலமாகிவிடும். வட்டத்தை இடத்துக்கு மட்டும் விடு. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறு வளையங்களை வரிசையாக வை. வடக்கு மேலே; இந்திர லிங்கம் வலப்பக்கம். ஒவ்வொரு லிங்கத்திலிருந்தும் வெளிநோக்கிப் புள்ளிகளை அடுக்கு. புள்ளி ஒன்றுக்கு இத்தனை பேர் என்று முடிவு செய்து, அதைப் பன்னிரண்டு படத்திலும் மாற்றாதே. நடுவில் மலையை வரைந்தால் அழகாக இருக்குமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த இடத்தில் மணியை எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்