திரை சொல்வதைப் படிப்போம்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இன்று பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ஊரில் 12 பெண்கள் சேர்ந்து தையல் குழு நடத்துகிறார்கள். பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். கணக்கு எழுத ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விலை 6,000 ரூபாய்.

கணக்கைப் பார்ப்பவர் மேரி அக்கா. அவர் 40 வயதில் எழுதப் படிக்கக் கற்றவர். உதவிக்கு ஜான்சி வருவாள். அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

ஒரு நாள் ஜான்சி சொன்னாள்.

"அத்தை, இதுல இருக்கறது விண்டோஸ் 10. அதுக்கு வழக்கமா வர்ற பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு. அடுத்தது விண்டோஸ் 11. இந்தப் பழைய பெட்டி அதுக்கு ஏத்தது இல்லை."

"அப்போ புதுசா வாங்கணுமா?"

"வேண்டாம் அத்தை. லினக்ஸ் போடலாம். அதுக்குக் காசு இல்லை."

கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அதை வேலை செய்ய வைப்பது இயங்குதளம் என்ற மென்பொருள். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. நம் நாட்டில் சி-டாக் என்ற அரசு நிறுவனமும் ஒரு லினக்ஸ் தயாரித்தது. அதன் பெயர் பாஸ். அது 2007-இல் வெளிவந்தது. தமிழ், கன்னடம் போன்ற நம் மொழிகளில் அதில் எழுதலாம்.

மேரி அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்ம கணக்கு என்ன ஆகும்?"

நல்ல கேள்வி. புதிய இயங்குதளம் போடும்போது பழையது எல்லாம் அழிந்து போகலாம். எனவே ஜான்சி முதலில் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். 12 பேர் கணக்கும் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கினாள்.

கம்ப்யூட்டர் எப்படி எழுகிறது?

பக்கத்து வீட்டுத் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவரும் வந்து உட்கார்ந்தார்.

"சுவிட்சைப் போட்டதும் உள்ளே என்னம்மா நடக்குது?" என்று கேட்டார்.

"நீங்க சுரங்கத்துல இறங்கறதுக்கு முன்னால என்ன செய்வீங்க தாத்தா?"

"முதல்ல ஆள் கணக்கு எடுப்பாங்க. விளக்கு சரியா இருக்கான்னு பார்ப்போம். அப்புறம்தான் கூண்டுல ஏறுவோம்."

"கம்ப்யூட்டரும் அப்படித்தான் தாத்தா" என்றாள் ஜான்சி.

கம்ப்யூட்டர் மூன்று படிகளில் எழுகிறது.

1. தன்னைத் தானே சோதிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, கீ போர்டு இருக்கிறதா என்று பார்க்கிறது.

2. இயங்குதளம் எங்கே என்று தேடுகிறது. ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், சி.டி. என்று ஒரு வரிசைப்படி தேடுகிறது.

3. கிடைத்ததும் அதை நினைவகத்தில் ஏற்றி ஓட்டுகிறது.

இதைத்தான் பூட் ஆவது என்கிறோம். முதல் இரண்டு படிகளையும் கவனிப்பது மதர் போர்டில் உள்ள ஒரு சிறு மென்பொருள். பழைய கம்ப்யூட்டர்களில் அதற்கு பயாஸ் என்று பெயர்.

கம்ப்யூட்டர் எந்தப் படியில் நின்றது? அதைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்று தேடுவது எளிது.

முதல் தடை

ஜான்சி லினக்ஸ் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டு வந்தாள். செருகினாள். சுவிட்சைப் போட்டாள். திரை கருப்பானது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"போச்சு, கெட்டுப்போச்சு!" என்றார்கள் சிலர்.

மேரி அக்கா நோட்டை எடுத்தார். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். பொருள் தெரியாது. ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் எழுதினார். தேதியும் நேரமும் எழுதினார்.

ஜான்சி படித்தாள். "நோ பூட்டபிள் டிவைஸ்." இயங்குதளம் உள்ள பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதாவது இரண்டாவது படியில் நின்றிருக்கிறது.

ஜான்சிக்குத் தன் தவறு புரிந்தது. புகைப்படத்தை நகல் எடுப்பது போல அந்தக் கோப்பை நகல் எடுத்திருந்தாள். அது போதாது. அதற்கென்று உள்ள மென்பொருளைக் கொண்டு பென் டிரைவில் எழுத வேண்டும். அப்போதுதான் அதிலிருந்து பூட் ஆகும்.

மறுபடி சரியாக எழுதி வந்தாள். சுவிட்சைப் போட்டதும் டெலிட் விசையைத் தட்டினாள். பயாஸ் திரை வந்தது. தேடும் வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்தாள். சேமித்தாள். இந்த முறை லினக்ஸ் ஏறியது. வேலை முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்கை முதலில் வைத்தாள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை

காலையில் மேரி அக்கா சுவிட்சைப் போட்டார். மீண்டும் கருப்புத் திரை. இப்போது வேறு வரிகள். அவற்றையும் எழுதினார். மாலையில் ஜான்சி வந்து பயாஸில் எல்லாவற்றையும் திருத்தினாள். ஓடியது. அடுத்த நாள் காலை மறுபடி அதே கதை.

ஒரு மெக்கானிக்கை அழைத்தார்கள். அவர் அவசரத்தில் இருந்தார்.

"மதர் போர்டு போயிடுச்சு. மாத்த 4,000 ரூபாய் ஆகும்" என்றார்.

குழுவின் கையிருப்பு 5,200 ரூபாய். அதில்தான் அடுத்த வாரம் துணி வாங்க வேண்டும். சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள். சிலர் கம்ப்யூட்டரே வேண்டாம் என்றார்கள்.

"ஒரு நாள் பொறுங்க. நோட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் மேரி அக்கா.

நோட்டு சொன்ன சேதி

நோட்டில் நான்கு நாள் கணக்கு இருந்தது.

திங்கள்: காலையில் தவறு. திரையில் தேதி 2010 ஜனவரி 1.
செவ்வாய்: காலையில் தவறு. அதே தேதி.
புதன்: தவறு இல்லை.
வியாழன்: காலையில் தவறு. அதே தேதி.

"புதன்கிழமை மட்டும் ஏன் வரலை? செவ்வாய் ராத்திரி என்ன அத்தை செஞ்சீங்க?" என்று கேட்டாள் ஜான்சி.

மேரி அக்கா யோசித்தார்.

"தினமும் மெயின் சுவிட்சை நிறுத்திட்டுப் போவேன். செவ்வாய்க்கிழமை மறந்துட்டேன்."

ஜான்சி திரையில் வந்த வரியைப் படித்தாள். "சீமாஸ் செக்சம் எரர். டீஃபால்ட்ஸ் லோடட்." சேமித்து வைத்த அமைப்புகள் அழிந்துவிட்டன, பழைய அமைப்புகளே போடப்பட்டன என்று அர்த்தம்.

மதர் போர்டில் காசு போல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அதன் எண் சி.ஆர். 2032. அது 3 வோல்ட் பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய கம்ப்யூட்டர்களில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் அதுதான். அது தீர்ந்துவிட்டால் தேதி பின்னால் போகும். எங்கே தேட வேண்டும் என்பதும் மறந்துபோகும்.

ஜான்சி மின்கம்பியைப் பிடுங்கினாள். பெட்டியைத் திறந்தாள். பழைய பேட்டரியில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். புதியதை அதே போல வைத்தாள். தேதியையும் வரிசையையும் திருத்திச் சேமித்தாள்.

அன்று இரவு மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். காலையில் 12 பேரும் வந்து நின்றார்கள். மேரி அக்கா சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் எழுந்தது. தேதி சரியாக இருந்தது.

செலவு 40 ரூபாய். மேரி அக்கா அதைக் கணக்கில் எழுதினார்.

"மெக்கானிக் பொய் சொன்னாரா?" என்று தாத்தா கேட்டார்.

"அது தெரியாது தாத்தா. ஆனா அவர் திரையைப் படிக்கலை. நாம படிச்சோம்" என்றார் மேரி அக்கா.

நாமும் தெரிந்துகொள்வோம்

* "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால்: பென் டிரைவ் சரியாக எழுதப்பட்டதா, தேடும் வரிசை சரியா, ஹார்டு டிஸ்க் கம்பி தளர்ந்ததா என்று பாருங்கள்.

* "செக்யூர் பூட்" என்ற சொல் வந்தால்: நம்பத் தகுந்த முத்திரை இல்லாத மென்பொருளைக் கம்ப்யூட்டர் தடுக்கிறது. மென்பொருளை உரிய இடத்திலிருந்துதான் எடுத்தோமா என்று முதலில் பாருங்கள்.

* வேலை முடிந்த பிறகும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால்: பென் டிரைவை எடுக்க மறந்திருக்கலாம்.

* தேதி தவறாக இருந்தால்: பட்டன் பேட்டரியைப் பாருங்கள்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள்.

எச்சரிக்கை: மின்கம்பியைப் பிடுங்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

பயிற்சி

1. லினக்ஸ் போடும் முன் ஜான்சி முதலில் செய்த வேலை என்ன? ஏன்?

2. கோடிட்ட இடத்தை நிரப்புக: கம்ப்யூட்டர் ______ படிகளில் எழுகிறது. பட்டன் பேட்டரியின் எண் ______.

3. புதன்கிழமை மட்டும் ஏன் தவறு வரவில்லை?

4. மேரி அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவர் எழுதி வைத்தது எப்படி உதவியது? குழுவில் பேசுங்கள்.

5. உங்கள் செல்போனிலோ வங்கி இயந்திரத்திலோ ஏதாவது தவறுச் செய்தி வந்தால் அதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.