இளம் கால்பந்து வீரர்களுக்கு விரைவோட்டப் பயிற்சி

தென் கொல்கத்தாவின் கரியாஹாட், கடைகளும் மக்கள் நெருக்கமும் மிகுந்த பகுதி. கால்பந்தைப் பெரிதும் போற்றும் இந்நகரில், இத்தகைய பகுதிச் சிறுவர்கள் ஓடிப் பழகுவதற்கு அருகிலுள்ள ரவீந்திர சரோவர் போன்ற திறந்தவெளிகளையே நாட வேண்டியுள்ளது. எனினும், பெரிய மைதானம் இன்றி விரைவோட்டப் பயிற்சி இயலாது என்பது தவறான கருத்தாகும். 30 மீட்டர் நீளச் சமதரையும், வேகம் தணிந்து நிற்கச் சிறிது இடமும் இருந்தால் போதும்.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் இயல்பே. 90 நிமிட ஆட்டத்தில் வளர்ந்த வீரர் ஒருவர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரம் இயங்குகிறார். அதில் முழுவேக ஓட்டம் சிறு பகுதியே. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டருக்குள் அது முடிந்துவிடுகிறது. ஆயினும், பந்தை முதலில் எட்டுபவர் யார் என்பதை அச்சில விநாடிகளே தீர்மானிக்கின்றன.

இவ்வோட்டத்திற்கான ஆற்றலைத் தசைகளில் உள்ள கிரியாட்டின் பாஸ்பேட் பெருமளவு அளிக்கிறது. இச்சேமிப்பு சில விநாடிகளில் வெகுவாகக் குறைந்துவிடும்; மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். எனவே, களைத்துச் சோரும்வரை மைதானத்தைச் சுற்றி ஓடச் செய்வது தாங்குதிறனை வளர்க்கலாம், வேகத்தை வளர்க்காது. களைத்த தசையை மேலும் விரட்டினால், பின்தொடைத் தசையில் காயம் ஏற்படவும் கூடும்.

13, 14 வயதினருக்குப் பின்வரும் முறை ஏற்றது:

1. மெல்லோட்டம், முழங்கால் உயர்த்தல், துள்ளல் ஆகியவற்றால் 15 நிமிடங்கள் உடலைச் சூடேற்றுதல்.

2. 10 மீட்டர் ஓட்டம் 4 முறை, 20 மீட்டர் 4 முறை, 30 மீட்டர் 2 முறை. மொத்தம் 180 மீட்டர். நின்ற நிலை, அமர்ந்த நிலை, திரும்பி நின்ற நிலை எனத் தொடக்கத்தை மாற்றுதல் நன்று.

3. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. வேகம் குறைந்தால் பயிற்சியை நிறுத்திவிடுதல்.

4. வாரம் இருமுறை மட்டும். இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

பத்து வயதுக்குட்பட்டோருக்குத் துரத்திப் பிடிக்கும் விளையாட்டுகளே போதுமானவை. உயரம் விரைந்து கூடும் பருவத்தில் முழங்கால், குதிகால் வலி தோன்றினால் ஓட்டத்தைக் குறைத்தல் அவசியம். கோடையில் அதிகாலையே உகந்த நேரம்.

ரவீந்திர சரோவர் 1920-களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்டின் முயற்சியால் உருவானது. நகரமைப்போர் அன்று ஒதுக்கிய திறந்தவெளி இன்றும் பயனளிக்கிறது. பள்ளி வளாகத்திலும் பூங்காவிலும் 30 மீட்டர் சமதரையைக் காத்துத் தருவது இன்றைய அலுவலர்களின் கடமை. அதில் ஓய்வறிந்து ஓடக் கற்பிப்பது பயிற்சியாளர்களின் கடமை.