இரு மரபில் வளர்ந்தவர்களின் எழுத்து

கேள்வி: கலப்பு மரபில் வளர்ந்த அனுபவத்தை இலக்கியமாக்கியவர்கள் யார்? (வாசகர், மார்சிலிங்)

பதில்: சிங்கப்பூரில் முதலில் சொல்லவேண்டியவர் யுரேசிய நாவலாசிரியர் ரெக்ஸ் ஷெல்லி (1930–2009). பொறியாளரான அவரது முதல் நாவல் ‘தி ஷ்ரிம்ப் பீப்பிள்’ 1991இல், அறுபதைக் கடந்தபின்தான் வந்தது. 1993இல் வந்த ‘பீப்பிள் ஆஃப் தி பேர் ட்ரீ’ இன்னும் ஆழமானது. ஜப்பானிய ஆட்சியில் சிங்கப்பூரிலிருந்து பாஹாவ் காட்டில் குடியேறிய யுரேசியர்கள் மரம் வெட்டி நிலம் திருத்தினார்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் அந்தத் துயரத்துக்கு ஷெல்லி முழு நாவலையே கொடுத்தார்.

கரீபியனில் டெரெக் வால்காட். செயின்ட் லூசியாத் தீவில், ஆப்பிரிக்க, ஐரோப்பிய வழிக் குடும்பத்தில் பிறந்தவர். தம் இளமையை ‘அனதர் லைஃப்’ (1973) என்னும் நெடுங்கவிதையாக்கினார். 1992இல் நோபல் பரிசு பெற்றார். மார்சிலிங் வாசகர் ஷெல்லியிலிருந்தே தொடங்குவது நல்லது.