முன்றிலும் பயம்பும்: சங்கப் பாடல்களில் வேட்டுவர் மனையும் வேட்டை நிலத்தின் படிமுறை ஆக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்கள் காட்டும் வேட்டை, மனையை விட்டுக் காட்டினுள் சென்று செய்யும் தொழிலாகவே பெரும்பாலும் விளக்கப்பட்டு வந்துள்ளது. பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம், நற்றிணை, புறநானூறு ஆகிய நூல்களின் சில பகுதிகள் இதற்கு மாறான ஒரு நிலையையும் காட்டுகின்றன. முன்றில், வேலி, நீர்நிலை, புனம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் திருத்தி, விலங்கு தானே வந்தடையும் இடமாக மனைச்சூழலை ஆக்கிக்கொண்ட வாழ்க்கை அது. அதற்குரிய சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்றில், பார்வை மான், பயம்பு, அடார், வேலி, எயினர், வல்லாண் முல்லை.

முன்னுரை

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என வரிசைப்படுத்துகிறது. மக்கள் செய்யும் தொழிலுக்கு அவ்வரிசையில் இடமுண்டு; அவர்கள் உறையும் மனைக்குத் தனியே பெயரில்லை. 'பிற' என்பதனுள் அதனை அடக்கிக்கொள்ளலாம் என்பது உண்மையே. எனினும் வேட்டுவரைப் பற்றிய நம் ஆய்வுகளில் தொழில் பேசப்பட்ட அளவுக்கு மனை பேசப்படாமைக்கு இவ்வரிசையும் ஓரளவு காரணமாகலாம். வில், அம்பு, நாய், வலை என்று கருவிகளைத் தொகுத்த கட்டுரைகள் பல உள. அக்கருவிகள் தொங்கிய பந்தரையும் அந்நாய்களைக் கட்டிய முற்றத்தையும் வேட்டையின் பகுதியாகக் கண்டவை மிகச் சில.

இதனால் விளைந்த இழப்பு சிறிதன்று. வேட்டுவர் உழவுக்கு முந்திய படிநிலையினர், நிலையான மனையற்றவர் என்னும் கருத்து பாடல்களில் தேடிக் காணப்பட்டதாகாமல், பாடல்களின்மேல் ஏற்றப்பட்டதாகவே பலவிடத்தும் நிற்கிறது.

தேய்ந்த தாளும் உடைந்த அடுப்பும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் காட்டும் பகுதி 88-ஆம் அடியை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 133-ஆம் அடி வரை செல்கிறது. ஈந்தின் இலையால் வேய்ந்து, எய்ப்பன்றியின் முதுகு போலத் தோன்றும் குடிசை முதலில் வருகிறது. அதன் முன்றிலில் ஒரு விளாமரம். அதில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. பார்வை என்பது பிற விலங்குகளை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கி வளர்க்கும் விலங்கு. அம்மரத்தின் அடியைப் புலவர் 'பறைதாள்' என்கிறார். பறைதல் ஈண்டுத் தேய்தல்.

இந்த ஒரு சொல் தரும் செய்தி மிகுதி. ஒரு மரத்தின் அடி கயிற்றால் தேய வேண்டுமானால், அதே இடத்தில் பல காலம் விலங்கு கட்டப்பட்டிருக்க வேண்டும். அதே முன்றிலில் நிலத்தில் குழித்த உரல் இருக்கிறது. எயிற்றியர் இரும்புத்தலைக் கோலால் கரம்பையைக் கிளறித் தொகுத்த புல்லரிசி அதில் குற்றப்படுகிறது. நிலவுரலைச் சுமந்துகொண்டு இடம்பெயர முடியாது. நீர் ஆழ்கிணற்றின் ஊற்றிலிருந்து தோண்டி எடுக்கப்படுகிறது. பானையின் வாய் முரிந்தது, அடுப்பும் முரிந்தது. இவற்றை வறுமையின் குறியீடுகளாக மட்டும் படிப்பது வழக்கம். அவ்வாறு படிப்பதில் பிழையில்லை. ஆயினும் முரிவும் தேய்வும் காலத்தின் குறிகளும் ஆகும் என்பதை விட்டுவிடலாகாது.

வேலி காப்பதும் வேலி அழைப்பதும்

குடிசையை அடுத்து அந்நிலத்தின் வேட்டை இரு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. மழை பெய்யாத காலத்து நள்ளிரவில், மானின் அடிச்சுவடு பதிந்த வழிகளின் அருகே, நீர் வேட்கையோடு தொடர்புற்ற குழிகளில் ஒளிந்திருந்து பன்றியின் வரவைப் பார்த்திருப்பது ஒன்று. இக்குழியே பயம்பு. நீருண்ணும் பள்ளமும் பதுங்கும் குழியும் இங்கு ஒரே அமைப்பின் இரு கூறுகள். நீர் வற்றும் காலத்தை முன்னறிந்து, விலங்கு எங்கு வரும் என்பதைச் சுவட்டால் அறிந்து, அவ்விடத்தை அகழ்ந்து வைத்திருக்கிறார்கள். அன்றிரவு செய்யும் வேலை காத்திருத்தல் மட்டுமே; மற்றவை முன்னரே செய்து முடிந்தவை.

மற்றொன்று பகல் வேட்டை. நாய்களோடு புதர்களை அடித்து, குவிந்த வாயையுடைய வேலியில் வலைகளைத் தொடர்ந்து மாட்டி, முயல்கள் தப்பிப் போகாமல் வளைக்கின்றனர். வேலி என்றதும் தடுப்பதையே நாம் நினைக்கிறோம். இங்குள்ள வேலி விலங்கைத் தான் விரும்பும் வாய்க்கு நடத்திச் செல்வது.

அடுத்து வரும் எயினரின் குறும்பு வேறு வகையான குடியிருப்பு. ஊகம்புல் வேய்ந்த உயர்ந்த மனை, அம்புக்கட்டுகளும் துடியும் தொங்கும் பந்தர், தொடரால் கட்டிய நாய்கள், முள்வேலி, அதைச் சூழ்ந்த காவற்காடு, கழுக்கள் நிரைத்த வாயில் எனப் புலவர் அடுக்கிச் செல்கிறார். முள்வேலி 'வாழ்முள்' வேலி எனப்படுகிறது. வெட்டிய முள்ளை ஒரே நாளில் குவித்து வேலியிடலாம். உயிர்வேலி அடர்ந்து எழ ஆண்டுகள் சில வேண்டும். குடிசையும் குறும்பும் பாணன் செல்லும் வழியில் அடுத்தடுத்துக் காண்பவை. ஒன்று மற்றொன்றாக வளர்ந்தது எனப் புலவர் கூறவில்லை. ஆகவே இவ்விரண்டையும் வளர்ச்சியின் இரு படிகள் என நிறுவ முயல்வது மிகையாகும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பல ஆண்டு உழைப்பு படிந்துள்ளது என்பதையே உறுதியாகச் சொல்ல இயலும்.

கேழல் உழுத புழுதி

பாலையின் எயினரிலிருந்து குறிஞ்சிக்கு வந்தால் இவ்வுறவு மேலும் நுட்பமாகிறது. புறநானூறு 168-இல் காந்தளின் கிழங்கு வேண்டிக் காட்டுப்பன்றிக் கூட்டம் கிளறிய புழுதியில் குறவர் உழாமலே தினை விதைக்கின்றனர். அத்தினை விளைந்ததும் அதனைத் தின்ன வருவதும் அப்பன்றியே. மலைபடுகடாம் 193-ஆம் அடி முதல், பன்றி புனத்தை அழிக்கும் என்று அஞ்சிப் புழைதோறும் கற்பொறி மாட்டி வைத்திருப்பதைக் கூறி, விடிந்தபின் செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கிறது. நற்றிணை 119-இல் புனவன் தினையுண்ணும் பன்றிக்காக வைத்த அடாரில் புலி அகப்படுகிறது. சிறிய பொறி விலகப் பெரிய கல் விழுந்து கொல்லும் அமைப்பு அடார்.

மூன்று பாடல்களும் வெவ்வேறு சூழலின. ஒரே நிலத்தைப் பற்றியன அல்ல. ஆயினும் மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒரு சுழற்சி தெரிகிறது: பன்றி நிலத்தைக் கிளறுகிறது, மனிதன் விதைக்கிறான், விளைச்சல் பன்றியை அழைக்கிறது, புழையில் கல் காத்திருக்கிறது. இதில் உழவு எங்கு முடிந்து வேட்டை எங்குத் தொடங்குகிறது என்று வரையறுப்பது கடினம். 1976-இல் மானிடவியலாளர் ஓல்கா லினாரெஸ் பனாமாவின் தொல்லியல் சான்றுகளைக் கொண்டு 'தோட்ட வேட்டை' என்னும் கருத்தை முன்வைத்தார். பயிரை நாடி வரும் விலங்குகளைத் தோட்டத்திலேயே வேட்டையாடுவது ஊனுக்காகக் கால்நடை வளர்ப்பதன் இடத்தை நிரப்பக்கூடும் என்பது அவர் வாதம். அக்கருத்தை அப்படியே குறிஞ்சிக்குப் பொருத்துவதை நாம் விரும்பவில்லை. தினைப்புனம் காப்பதை வெறும் பயிர்க்காவலாக மட்டும் கொண்டு, இதணத்தையும் அடாரையும் தனித்தனியே விளக்கிவந்த நம் முறையை மறுபரிசீலனை செய்ய அது துணைபுரியும். புறநானூறு 168 காட்டும் குறவர் மனையில் மான் தசை வேவித்த புலால் நாறும் பானையைக் கழுவாமலே தினையைச் சமைக்கிறார்கள். புனமும் வேட்டையும் ஒரே பானைக்குள் சேர்ந்துவிடுகின்றன.

வீரைவெளியனார் காட்டும் முன்றில்

இப்பொருளில் நிறைவான சான்று புறநானூறு 320. முதல் 266 பாடல்களுக்கே பழைய உரை கிடைத்திருத்தலின் இப்பாடலுக்கு அத்துணை இல்லை. இதன் துறை வல்லாண் முல்லை. வீரனுடைய இல், ஊர், இயல்பு ஆகியவற்றைச் சொல்லிப் புகழ்வது அத்துறை எனப் புறப்பொருள் வெண்பாமாலை கூறுகிறது. போர்ப்பாடல்களுக்கு நடுவே வேட்டுவர் முற்றத்தின் நுண்விவரங்கள் நமக்குக் கிடைத்தமைக்கு இத்துறையின் இலக்கணமே காரணம் எனலாம்.

முன்றிலில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து, பந்தர் வேண்டாத நிழலைத் தருகின்றன. யானை வேட்டுவன் அதில் அயர்ந்து உறங்குகிறான். கட்டிய பார்வைப் பிணையை நாடி ஒரு தனிக்கலை வந்து தழுவி விளையாடுகிறது. மனையோள் காண்கிறாள். கணவன் எழுந்துவிடுவானோ என்றும், கலை பிணையை விட்டு நீங்குமோ என்றும் அஞ்சி அசையாதிருக்கிறாள். மனையில் நடமாட்டம் இல்லாமையால், மான்தோலில் உலர்ந்த தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து கவர்ந்துண்கின்றன.

இரக்கத்தின் சித்திரமாகவே இப்பாடல் போற்றப்படுகிறது. அவ்விரக்கத்தின் அருமை முழுதும் விளங்க, அம்முன்றில் எத்தகைய இடம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நிழல், பார்வை, உலரும் தினை ஆகிய மூன்றும் விலங்கையும் பறவையையும் வருவிக்கும். ஆண்டுகளாகத் திருத்தப்பட்ட அவ்விடம் அன்று பிழையின்றித் தன் வேலையைச் செய்தது. கலை வில்லுக்கு எட்டும் தொலைவில் நின்றது. வேட்டுவனை எழுப்ப ஒரு குரல் போதும். அக்குரல் எழவில்லை. வேட்டையை நிறுத்தி வைக்கும் உரிமை அந்த முற்றத்தில் மனையோளிடம் இருந்தது என்பதையே இது காட்டுகிறது. தொடர்ந்து, சந்தன விறகின் நெருப்பில் சுட்ட ஊனைச் சுற்றத்தோடு உண்பது கூறப்படுகிறது. அவ்வூன் கலையினுடையதாக இருக்க முடியுமா என்னும் ஐயம் எழலாம். பறவைகள் தினையை உண்டதனை அடுத்தே ஊன் பேசப்படுதலின், தொடரமைப்பு அப்பறவைகளையே சுட்டுவதாகக் கொள்வது பொருந்தும்.

நான்கு பாடல்கள் கழித்து, 324-இல், வேட்டுவச் சிறுவரைக் காண்கிறோம். வளாரை வளைத்து வில்லாக்கி, உடைமுள்ளை ஊகங்கோலில் செருகி அம்பாக்கி, பருத்தி வேலியில் எலிக்காகக் காத்திருக்கின்றனர். பருத்தி விளைவது புன்செயில்; எலி வருவது அதன் வேலிக்கு. பயம்பில் பன்றியை எதிர்நோக்கி அமர்ந்த தந்தையரைப் போலவே இவர்களும் விலங்கைத் துரத்திச் செல்லவில்லை. வேலியோரம் அமர்ந்து பார்த்திருக்கிறார்கள்.