திரையில் உள்ளதும் கோப்பில் வருவதும்

அன்புள்ள இளம் நண்பருக்கு,

பாதுகாப்புக் கண்காணிப்புக் கன்சோலில் ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே கோப்பில் இறங்கிவிடும் என்னும் எண்ணம், பயிற்சி பெற்றவர்களிடமும் எளிதில் அகலாத பிழையாகும். திரை இரண்டு லட்சம் நிகழ்வுகள் என்று காட்டியிருக்கக் கோப்பில் சரியாக 10,000 வரிகள் மட்டும் இருந்தது ஏன் என்று சென்ற கடிதத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு, கருவி பழுதாகிவிட்டது என்று அலுவலகத்தில் கிடைத்த விடை வெறும் சோம்பலின் விடை. 10,000 என்ற அந்த முழு எண்ணே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் ஆகிய தரவுக் கிடங்குகளில் லாக் பதிவுகள் ‘ஷார்டு’ எனப்படும் துண்டுகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. ஒரு தேடலின் பின்பக்கங்களைக் கேட்கக் கேட்க, ஒவ்வொரு துண்டும் அதுவரையிலான வரிகள் அனைத்தையும் நினைவகத்தில் தாங்கி வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால், ஒரே தேடல் 10,000 வரிகளுக்கு மேல் தராதபடி இயல்பாகவே வரம்பு இடப்பட்டுள்ளது. மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடுவது வேறு வேலை. அதற்கு வரிகளை எடுத்துத் தர வேண்டியதில்லை. ஆகவே திரையின் எண்ணும் சரி, கோப்பின் வரிகளும் சரி. இரண்டும் ஒன்று என்று கொண்டதுதான் தவறு. பகுதி பகுதியாகப் படித்துச் செல்லும் ‘ஸ்க்ரோல்’ முறையில் எடுப்பதும், கால எல்லையை நாள்வாரியாகவோ மணிவாரியாகவோ உடைத்து எடுப்பதும் இதற்குரிய வழிகள்.

ஓசையின்றி அறுபடும் கோப்பு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் 2020-இல் நடந்ததை விஞ்சிய சான்று இல்லை. கண்காணிப்புத் துறைக்குப் புறம்பானது என்று சொல்லி அதை ஒதுக்குவோர், துறையையே புரிந்துகொள்ளாதவர்கள். கோவிட் பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வி கோப்புகளாக வந்தன. அவற்றைத் தொகுத்த பொதுச் சுகாதார நிறுவனம் எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியது. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே உண்டு. 2-ஐ 16 முறை பெருக்கினால் வருவது இந்த எண். வரிசை எண்ணைக் குறிக்க 16 பிட் இடமே ஒதுக்கப்பட்டிருந்ததன் விளைவு. ஒவ்வொருவரின் முடிவும் பல வரிசைகளைப் பிடித்ததால் தாள் விரைவில் நிரம்பியது, மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமற்போக, அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் பிந்தியது. எக்செல் 2007-இலேயே இவ்வரம்பு 10,48,576 ஆக உயர்த்தப்பட்டிருந்தது என்பதுதான் எரிச்சலூட்டும் செய்தி. ஃபயர்வால் பதிவுகளோ ஒரே நாளில் அந்தப் புதிய வரம்பையும் தாண்டக்கூடியவை.

சிஎஸ்வி பற்றி ஒரு சொல். காற்புள்ளி, மேற்கோள் குறி, வரி முடிவு ஆகியவற்றை எப்படி எழுதுவது என்று கூறும் ஆர்எஃப்சி 4180, அவ்வடிவம் பல பத்தாண்டுகள் புழங்கிய பிறகு 2005-இல்தான் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தை ஒரு மாலையில் படித்து முடிக்கலாம், படிப்பவர்தாம் அரிது. அது பேசாத ஆபத்து ஒன்று உண்டு. சமக்குறியில் தொடங்கும் புலத்தை எக்செல் சூத்திரமாகக் கொள்ளும். உள்நுழைவுப் பெயர் கேட்கும் இடத்தில் தாக்குபவர் அத்தகைய சரம் ஒன்றை எழுதினால், அது தோல்வியுற்ற முயற்சியாக லாக்கில் பதிந்து, அறிக்கையில் ஏறி, ஆய்வாளரின் கணினியிலேயே உயிர்பெறலாம். கருவி இதைத் தடுக்கிறதா என்பதை அறியாமல் அக்கோப்பை மேலதிகாரிக்கு அனுப்புவது பொறுப்பின்மை.

நேரத்தைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. எலாஸ்டிக்சர்ச் நேரத்தை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்ள, அதன் திரையான கிபானா பார்ப்பவரின் உலாவி நேரத்தில் காட்டுகிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது என்பதால், ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நடந்த ஊடுருவல் யுடிசியில் மார்ச் 31 இரவு 8.30 ஆகி, மாத அறிக்கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவும். நேர மண்டலத்தை அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதாதவர் பிறகு வாதிடுவதில் பயனில்லை. பிடிஎஃப் அறிக்கையோ பெரும்பாலும் டாஷ்போர்டின் படம்தான். கூட்டத்தில் காட்ட உதவும், ஆய்வுக்கு உதவாது.

சம்பவம் நீதிமன்றம் வரை செல்லுமாயின் வேறொரு கடமையும் சேர்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கணித முத்திரை, குறிக்கப்பட வேண்டும். எனவே கோப்பு இறங்கியவுடன், எக்செலில் திறப்பதற்கு முன்பே, எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, தேடல் வாசகம், கால எல்லை, திரை காட்டிய மொத்த எண்ணிக்கை, கோப்பின் வரி எண்ணிக்கை ஆகியவற்றுடன் எழுதி வைப்பது முறை. சென்ற வாரத்துக் கோப்பு எக்செலில் திறந்து சேமிக்கப்பட்டுவிட்டது என்று தெரிகிறது. அதை ஒதுக்கிவிட்டு, கிடங்கில் பதிவுகள் அழிக்கப்படும் நாளுக்கு முன் புதிதாக எடுக்கவும்.

அன்புடன்,
ஆசிரியர்