நாயை நாய் கடித்தால்...? (அறிவியல் பகுதி)



நாய் மனுஷனைக் கடித்தால் ஊசி போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நாயை நாய் கடித்தால் மட்டும், "அதுவே நக்கிச் சரி பண்ணிக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது தப்பு.

நம்ம ஊர்ப் பக்கம் வெடிச் சத்தம் அதிகம். பயந்த நாய் கண்மண் தெரியாமல் ஓடி அடுத்த தெருவுக்குள் நுழையும். அங்குள்ள நாய்கள் விடாது. போன தீபாவளிக்கு எங்கள் கருப்பனும் இப்படித்தான் தொடையில் கடி வாங்கி வந்தது. வெளியே ரெண்டு சின்ன ஓட்டைதான். கால்நடை டாக்டர் முடியைக் கத்தரித்துப் பார்த்தால், உள்ளே தோலும் சதையும் பிரிந்து பை மாதிரி இருந்தது. நாய் கோரைப்பல்லால் கவ்வி உலுக்கும். அதனால் வெளிக்காயம் சிறிசு, உள்காயம் பெரிசு. பல்லில் இருக்கும் கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை:

1. சண்டையை விலக்கக் கையை நுழைக்காதீர்கள். வாளித் தண்ணீரை வீசி ஊற்றுங்கள்.

2. வலியில் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சு விடச் சிரமப்படாத நாய் என்றால், பெரியவர்கள் துணிப் பட்டையால் வாயைக் கட்டிவிட்டுப் பார்க்கட்டும். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

3. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

4. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 2 சின்ன ஸ்பூன் உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்றால் கடித்த நாயின் எச்சில் நம்ம நாயின் முடியில் இருக்கும்.

5. அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கழுத்து, நெஞ்சு, வயிற்றில் கடி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஆழமான ஓட்டையைச் சீழ் வடியட்டும் என்று டாக்டர் தைக்காமல் விடுவதும் உண்டு. ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

6. முன்பே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், கடிபட்டதைச் சொல்லி மறுபடி ஊசி கேளுங்கள்.

செய்யக் கூடாதவை:

காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மண்ணெண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது நாய்க்கு விஷமாகலாம்.

நமக்கு ஆபத்து எங்கே?

வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கும். நம் கையில் சிராய்ப்பு இருந்து அதில் எச்சில் பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். நோய்க்குறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அதனால் யாரும் வீட்டில் மறைக்காதீர்கள்.

தெரிந்துகொள்வோம்:

1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போட வைத்துக் காப்பாற்றினார். அவர் பெயரில் நம் குன்னூரில் 1907-இல் ஆய்வு நிலையம் தொடங்கியது. ஜூலை 6 வந்தால் பல கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள்.

நம்ம மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வந்தது. பெருமை பேசினால் போதாது. வருடம் ஒரு ஊசி போட வேண்டும்.

காவல் காக்கும் நாயை நாமும் காப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி, ஆமத்தூர்