வெடக்கோழி எப்போது முட்டை வைக்கும்?

"ஆறு மாசம் ஆச்சு, வெடக்கோழி இன்னும் முட்டை வைக்கலையே?" பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புறக்கடையில் கோழி வளர்ப்போர் பலருக்கும் உள்ள கவலை இது. பெரும்பாலும் கோழியிடம் குறை இருக்காது; அதன் இனத்துக்குரிய வயது வந்திருக்காது.

வெள்ளை லெகார்ன் போன்ற பண்ணை இனங்கள் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு 24 முதல் 28 வாரம் ஆகும். சண்டைக்கோழி இனமான அசிலுக்கு இன்னும் தள்ளிப்போகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக் கோழியோடு ஒப்பிட வேண்டாம். வெளிச்சமும் ஒரு காரணம். பகல் நீளும்போது முட்டைப்பை (சினைப்பை) தூண்டப்படுகிறது. மார்கழியில் நம் பகுதியில் பகல் பதினொன்றரை மணி நேரமாகக் குறைவதால், அப்போது பருவத்துக்கு வரும் கோழி சில வாரம் தாமதிக்கலாம்.

பருவம் நெருங்குவதைக் கோழியே காட்டிவிடும். வெளிறியிருந்த கொண்டையும் தாடியும் செக்கச்சிவக்கும். முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கும். கேறிக்கொண்டே வைக்கோல் போர், விறகு அடுக்கு, திண்ணை மூலை என்று இடம் தேடும். எச்சத்துவாரத்தின் இருபுறமும் கூராகத் தட்டுப்படும் எலும்பு முனைகளை (பூப்பெலும்புகள்) வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். இடையில் ஒரு விரல் அகலமே இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு மூன்று விரல் அகலம் இருந்தால் முட்டையை எதிர்பார்க்கலாம். உள்ளே விரலை விட்டுப் பார்ப்பது வேண்டாம். புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

தீவனத்தில்தான் நம் பக்கம் பிழை அதிகம். மக்காச்சோளம் வீட்டிலேயே கிடப்பதால் அதை மட்டும் இறைத்துவிடுகிறோம். அதில் புரதம் ஏறக்குறைய 9 சதவீதம்; முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் தேவை. சோளத்தை மட்டும் தின்ற கோழி கொழுக்கும், முட்டைக்கு வராது. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சேர்த்துக் கொடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டிப் பூஞ்சை பிடித்த சோளத்தைக் கோழிக்கென்று ஒதுக்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு (அஃப்ளாடாக்சின்) கல்லீரலைக் கெடுக்கும்.

ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) செலவாகிறது. கொண்டை சிவந்ததும் கிளிஞ்சல் குருணையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போட்டால் சிறுநீரகம் பழுதாகும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் மண்ணில் மேயும் கோழி கொஞ்சம் கொத்தித் தேடிக்கொள்ளும். அடைத்து வளர்ப்பதற்கு அந்த வாய்ப்பில்லை. அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

நாலைந்து கோழிக்கு ஒரு கூடை போதும். ஓரடி அகலத்தில், வைக்கோல் பரப்பி, வெளிச்சம் குறைந்த மூலையில் வையுங்கள். முதல் சில முட்டைகள் சிறுத்தோ, தோல்முட்டையாகவோ, இரட்டைக் கருவோடோ வரலாம். ஓட்டில் இரத்தக் கீற்றும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் சீராகிவிடும். சித்திரை வெயிலில் ஓடு மெலிந்தால் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, இரையைக் காலையிலும் மாலையிலும் போடுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியவை இரண்டு. வாலைத் தொங்கவிட்டு முக்கிக்கொண்டே நின்றால் முட்டை அடைத்திருக்கலாம். பின்பகுதியை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளேயே முட்டையை உடைக்கக் கூடாது. எச்சத்துவாரத்தில் சிவந்த சதை பிதுங்கினால் (முட்டைக்குழல் வெளித்தள்ளல்) மற்ற கோழிகள் கொத்தாதபடி உடனே பிரித்து வைத்து, அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டைப் பருவத்துக்கு முன்பே குடற்புழு நீக்கமும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கடந்தும் முட்டை இல்லையென்றால் முதலில் புதர்களில் ஒளித்து வைத்திருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு இறக்கையடியில் பேன் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கோழியோடு செல்லுங்கள்.